நூத்தி நாப்பது கோடிக் கணக்கு

அக்டோபர் 14-ந்தேதி ராத்திரி, கோவா பட்டோர்டா மைதானத்துல, இந்தியா 2-1-ன்னு சிங்கப்பூர்கிட்ட தோத்துப் போச்சு. அதோட 2027 ஆசியக் கோப்பைக்குப் போற வழியும் அடஞ்சு போச்சு. நடந்து ரெண்டு வாரத்துக்கு மேல ஆகுது. கும்பப்பூ நடவு முடிஞ்சு, மழையும் பிடிச்சு, உரம் வீசலாமா ரெண்டு நாள் பொறுக்கலாமான்னு வானத்தப் பாத்துக்கிட்டிருக்க நேரம் இது. இந்த நேரத்துல பந்தாட்டத்தப் பத்தி எழுதணுமாவேன்னு கேப்பிய. எழுதாம இருக்க முடியல. தோல்வியக் கூட பொறுத்துக்கிடலாம். அதுக்குப் பெறவு நம்ம ஆளுவ பேசின பேச்சு இருக்கே, அது தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது.

"140 கோடிப் பேர்ல பந்து விளையாட பதினோரு பேர் தேறலியா?"

இதுதான் அந்தப் பேச்சு. விடியுகதுக்கு முன்னாடியே போன்ல வந்து கெடந்துது. அனுப்பினவன் பாதிப் பேரு அந்த ஆட்டத்தப் பாக்கவே இல்ல. டீக்கடையில போனா அங்கயும் அதே வாசகம். ஒருத்தர் ஒரு படி மேல போயி, "நம்ம உடம்பு வாகுக்கு இந்த விளையாட்டு ஒத்துவராது அண்ணாச்சி, சவத்த விடும்"ன்னாரு. உடம்பு வாகாம். 1951-லயும் 1962-லயும் ஆசிய விளையாட்டுல தங்கம் வாங்கினது எந்த உடம்பு? 62-ல ஜகார்த்தாவுல இறுதி ஆட்டத்துல தென்கொரியாவ 2-1-ன்னு அடிச்சாங்க. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ்ல நாலாவது இடம். அப்போ நம்ம ஆளுவளுக்கு இன்னைக்கு மாதிரி முட்டையும் கோழியும் கெடைச்சிருக்கும்ன்னா நினைக்கிய?

ஆட்டத்தப் பாக்காதவங்களுக்காகச் சொல்லுகேன். பதினாலாவது நிமிஷம் சாங்தே தூரத்துல இருந்து ஒண்ணு அடிச்சான். பாக்க ரெண்டு கண்ணு காணாது. அதுக்குப் பெறவு பைய பைய பின்னால வந்தாங்க. இடைவேளைக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது சிங்கப்பூர் ஒண்ணு போட்டுது. 58-வது நிமிஷம் இன்னொண்ணு. மிச்சம் அரை மணி நேரம் நம்ம ஆளுவ ஓடினாங்க, முட்டினாங்க, வல வரைக்கும் போச்சு, உள்ள மட்டும் போகல. இது ஒரு நாள் சங்கதியும் இல்ல. நாலு அணி உள்ள பிரிவு அது, முதல்ல வாறவனுக்கு மட்டும்தான் எடம். மார்ச்ல ஷில்லாங்குல பங்களாதேஷ்கூட 0-0. ஜூன்ல ஹாங்காங்ல கடைசி நேரப் பெனால்டியில 1-0 தோல்வி. அக்டோபர் 9 சிங்கப்பூர்ல போயி, பத்து பேரோட ஆடி, கடைசி நிமிஷத்துல 1-1. பெறவுதான் இந்த 2-1. நாலு ஆட்டத்துல ரெண்டே புள்ளி. நடுவுல செப்டம்பர்ல காலித் ஜமீல் பயிற்சியாளரா வந்த உடனே ஓமன பெனால்டியில ஜெயிச்சு ஒரு போட்டியில மூணாமிடம் வாங்கினாங்க. அதுதான் ஆசையக் கிளப்பி விட்டுது. ஆசை இல்லாத எடத்துல இவ்வளவு வலி வராது.

சரி, கணக்குக்கு வாறேன். சிங்கப்பூர் நாடு மொத்தம் 700 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. நம்ம கன்னியாகுமரி மாவட்டம் 1,600-க்கு மேல. நம்ம மாவட்டத்துல பாதி கூட இல்லாத நாடு. சனம் 60 லட்சம்ன்னு சொல்லுகாங்க, அதுலயும் வெளிநாட்டுல இருந்து வேலைக்குப் போனவங்க எம்பாடு பேரு, நம்மூர்ப் பயலுவளும் உண்டு. இதச் சொன்னா, "ரெண்டு கோலும் அடிச்சவன் கொரியாக்காரன்லா"ன்னு ஒரு மறுப்பு வரும். சோங் உய்-யங் கொரியாவுல பொறந்தவன்தான். இளவயசுலயே சிங்கப்பூருக்கு வந்து, அங்கத்த கிளப்புல ஆடி, அங்கத்த குடிமகன் ஆனவன். வந்த பயலுக்கு ஆட ஒரு கிளப்பும் ஒரு மைதானமும் அங்க இருந்துதுல்லா? அதச் சொல்லுங்க.

இன்னும் ஒண்ணு. நாம தோத்ததுக்கு முந்தின நாள், அக்டோபர் 13, கேப் வெர்டேன்னு ஒரு நாடு எஸ்வாத்தினிய 3-0-ன்னு அடிச்சு 2026 உலகக் கோப்பைக்குப் போச்சு. ஆப்பிரிக்காவுக்கு மேக்கால கடலுக்குள்ள கெடக்க பத்து தீவு. சனம் ஐந்து லட்சத்துச் சொச்சம். 2011 கணக்குப்படி நம்ம மாவட்டத்துல 18 லட்சத்து 70 ஆயிரம் பேரு. அதுல மூணுல ஒரு பங்கு கூட இல்ல. அவங்க பிள்ளைகள்ல பல பேரு ஐரோப்பாவுல பொறந்து வளந்தவங்க, அது வேற கதை. ஆனா ஆள் எண்ணிக்கையில ஜெயிக்க முடியும்ன்னா சீனாக்காரன் வருஷா வருஷம் உலகக் கோப்பைய வீட்டுக்குக் கொண்டு போயிருப்பான்.

நான் சொல்ல வாறது இதுதான். இந்தியாவுக்காகப் பந்து விளையாடுகது 140 கோடிப் பேர் இல்ல. ஒரு பந்தும், அத உருட்ட ஒரு துண்டு நிலமும், சாயங்காலம் ஒரு மணி நேரமும் கெடைச்ச பிள்ளைகள் மட்டும்தான் கணக்குல வரும். அந்தக் கணக்க எடுங்க. சிங்கப்பூரவிட நாம பெரிய நாடான்னு அப்போ பாக்கலாம். பட்டாவுல நஞ்சைன்னு போட்டிருக்கும், போயி பாத்தா கல்லு நட்டு பிளாட் போட்டிருப்பான். பட்டாவப் பாத்து இங்க இவ்வளவு கோட்டை நெல்லு விளையும்ன்னு சொல்ல முடியுமா? அந்த மாதிரிக் கணக்குதான் இந்த 140 கோடியும்.

எங்க செறுப்பத்துல மைதானம்ன்னு ஒண்ணைத் தேடி நாங்க போனதில்ல. மாசி பங்குனியில கும்பப்பூ அறுப்பு முடிஞ்சா, கன்னிப்பூவுக்கு உழுகது வரைக்கும் வயலு பூரா எங்களுக்குத்தான். அரிதாள் காலுல குத்தும், கட்டி தட்டின மண்ணு பாதத்தக் கிழிக்கும், வரப்புதான் எல்லக்கோடு. ரெண்டு மாசம், எந்த ஊர்லயும் எந்தப் பத்துலயும் பயலுவ ஆடிக்கிட்டே இருப்பானுவ. வயலுக்குச் சொந்தக்காரரு வந்து, "லேய், வரப்ப ஒடைச்சிராதிய"ன்னு சத்தம் போட்டுட்டு, அந்த வரப்புலயே உக்காந்து ஆட்டம் பாப்பாரு. அது ஒரு செலவும் இல்லாம இந்த நாஞ்சில் நாடு பிள்ளைகளுக்குக் குடுத்த மைதானம்.

இப்போ அந்த வயல்ல வாழை நிக்குது. வாழையாவது பரவாயில்ல, எனக்கும் அரை ஏக்கர் வாழை உண்டு, நெல்லுல கெட்டுப் போனவன் வாழைக்குப் போறான், அதுக்கு நான் குத்தம் சொல்ல மாட்டேன். மிச்சத்துல மண்ணடிச்சு வீடு கட்டியாச்சு. சானல் தண்ணி கடைசி மடைக்கு வாறதில்ல, வராத வயல விக்காம என்ன செய்ய. நெல்லு போன கதைய இந்தப் பக்கத்துல பல தடவ எழுதியாச்சு. நெல்லோட சேந்து பிள்ளைகளோட ரெண்டு மாசத்து மைதானமும் போச்சுன்னு யாரும் எழுதல. போனது போனதுதான். ஆனா அதுக்குப் பதிலா எங்கயாவது ஒரு முக்கால் ஏக்கர் ஒதுக்கினாங்களா?

பள்ளிக்கூடம் இருக்கேம்பிய. 2009 கல்வி உரிமைச் சட்டத்துல பள்ளிக்கூடத்துக்கு விளையாட்டு மைதானம் வேணும்ன்னு எழுதியே வச்சிருக்கு. எங்க பக்கத்துல ஒரு பள்ளிக்கூடம், பேரு வேண்டாம். மைதானத்துல கட்டடம் வந்துது, மிச்சத்துல பஸ் நிக்குது. எட்டாம் வகுப்புல இருந்து பி.டி. பீரியட் கணக்கு வாத்தியாருக்கு. கேட்டா, "பெத்தவங்கதான் அப்படிக் கேக்காங்க"ங்காரு. அவரு சொல்லுகதும் பொய்யில்ல. படிப்புல நம்ம மாவட்டம் நூத்துக்குத் தொண்ணூத்தி ஒண்ணு. பெருமதான். பத்தாம் வகுப்புப் பையன் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வேர்வையோட வீட்டுக்கு வந்தா, அப்பன் கேக்க முதல் கேள்வி, "டியூஷனுக்குப் போகலியாலே?" அந்த அப்பன்தான் அக்டோபர் 14 ராத்திரி "பதினோரு பேர் தேறலியா"ன்னு ஸ்டேட்டஸ் வச்சவன்.

இந்த மாவட்டத்துல பந்து செத்துப் போகாம இருக்கது எங்கன்னு எல்லாருக்கும் தெரியும். கடப்புறத்துல. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளைன்னு அந்தக் கரை நெடுக பிள்ளைகள் மணல்ல ஆடுகானுவ. மாநில அணிக்கு அங்க இருந்து ஆளு போனபடியே இருக்கு. மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைப் பையன். சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், கொல்கத்தான்னு ஆடி, 2019-ல இந்தியாச் சட்டையும் போட்டான். 2020 நவம்பர்ல சீசன் முதல் ஆட்டத்துலயே முழங்கால் போச்சு. அந்த ராத்திரி எனக்குச் சோறு எறங்கல. நான் அவனப் பாத்தது கூட கெடையாது, டி.வி.யில பாத்ததுதான்.

இங்க நம்ம ஆளுவகிட்ட ஒரு வார்த்தை நேரா கேக்கணும். சூசைராஜ் யாருன்னு நாகர்கோவில்ல நின்னு பத்து பேருகிட்ட கேளுங்க, ரெண்டு பேருக்குத் தெரிஞ்சா அதிசயம். ஏன்? "அது கடப்புறத்துக்காரன் விளையாட்டு"ன்னு ஒரு பேச்சு நம்மகிட்ட இருக்கு. வாயால சொல்லுகவனும் உண்டு, மனசுக்குள்ள வச்சிருக்கவனும் உண்டு. நம்ம மாவட்டத்துலயே ஆடுகவன் நமக்கு அந்நியம், பதினஞ்சாயிரம் கிலோமீட்டர் தள்ளி ரொசாரியோவுல பொறந்த மெஸ்ஸி நமக்குச் சொந்தம். ஒக்கி அடிச்சப்போ அந்தக் கரையில எத்தனை வீட்டுல ஆம்பளை திரும்பி வரல. அந்த வீட்டுப் பிள்ளைகள் பந்தையும் விடல. அவங்க ஆடுக மணலையும் கடலரிப்பு தின்னுக்கிட்டிருக்கு, மிச்சத்துல பாறாங்கல்லக் கொண்டு தட்டியாச்சு. கல்லு போடாண்டாம்ன்னு சொல்லல, வீட்டக் காப்பாத்தணும்லா. அந்தப் பிள்ளைகளுக்கு ஆட வேற எடம் எங்கன்னுதான் கேக்கேன்.

மெஸ்ஸி பேச்சு வந்துட்டு. 2022 உலகக் கோப்பைக்கு கோழிக்கோட்டுப் பக்கம் புள்ளாவூர் ஆத்துல மெஸ்ஸிக்கும் நெய்மாருக்கும் ரொனால்டோவுக்கும் கட்அவுட் வச்சு உலகம் பூரா பேரு வாங்கினாங்க. நம்ம பக்கத்துலயும் முக்குக்கு முக்கு பிளக்ஸ். நீலமும் மஞ்சளும் கட்டி ரெண்டு கோஷ்டி. எனக்கு மரடோனா பித்து 86-ல இருந்தே உண்டு, அதனால ரசிக்காதன்னு சொல்ல வரல. அர்ஜென்டினா அணி நவம்பர்ல கொச்சிக்கு வருதுன்னு சொன்ன உடனே வேன் பிடிக்க ஆளு சேத்தானுவ எங்க ஊர்ல. இப்போ நவம்பர்ல வரலன்னு ஆச்சு. அந்த வேன்காரப் பயலுவகிட்ட, "லேய் மக்கா, மாவட்ட லீக் ஆட்டம் பாக்க ஒரு தடவ போவமா"ன்னு கேட்டேன். சிரிச்சானுவ. பிளக்ஸுக்கு வசூலிச்ச காசுல ஊருக்கு இருபது பந்து வாங்கலாம். கணக்குத் தெரிஞ்சுதான் சொல்லுகேன், நானும் அந்த வசூல்ல ஐநூறு ரூவா குடுத்தவன்.

மலையாளத்துக்காரன்கிட்ட கட்அவுட்டோட சேத்து இன்னொண்ணும் இருக்கு, அத நாம படிக்கல. 1956 நவம்பர் 1-ல நாம இந்தப் பக்கம் வந்தோம். வந்தது நல்லதுதான், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. ஆனா சொந்த அணிக்காக வேலைய விட்டுட்டு கேலரியில போயி உக்காருக பழக்கம் அந்தப் பக்கமே நின்னுட்டு. 1992-ல கோயம்புத்தூர்ல சந்தோஷ் டிராபி இறுதி ஆட்டத்துல வி.பி. சத்யன் தலைமையில கேரளா கோவாவ 3-0-ன்னு அடிச்சுது. நம்ம தமிழ்நாட்டு மண்ணுல, அவங்க கோப்பை. தமிழ்நாடு இந்த டிராபிய இதுவரைக்கும் தொட்டதில்ல. 1972-ல இறுதிக்குப் போயி வங்காளத்துகிட்ட தோத்தோம். 2012-ல ஒடிசாவுல மறுபடி இறுதி, சர்வீசஸ்கிட்ட 3-2. அந்த 3-2 எத்தனை பேருக்கு ஓர்மை இருக்கு? அதுக்கும் அழுதவன் ஒருத்தன் இங்க உக்காந்து எழுதுகான்.

மேல உள்ளவங்களையும் விடப் போறதில்ல. 2022 ஆகஸ்ட்ல ஃபிஃபா நம்ம சம்மேளனத்தையே பதினோரு நாள் தடை பண்ணி வச்சுது, நிர்வாகச் சண்டையில. 2023 ஜூலையில தரவரிசையில 99, இப்போ 130-ஐத் தாண்டிப் போச்சு. கோல் அடிக்க ஆளில்லன்னு, ஓய்வு வாங்கிப் போன சுனில் சேத்ரிய நாப்பது வயசுல திரும்பக் கூப்பிட்டாங்க. அவரு வந்தாரு, அது அவரு பெருந்தன்மை. அடுத்த ஆளு இல்லாமப் போனதுக்கு யாரு பொறுப்பு? ஐ.எஸ்.எல். லீக் 2025 செப்டம்பர்ல தொடங்க வேண்டியது, ஒப்பந்தத் தகராறுல நின்னு போச்சு. ஆட்டக்காரன் சும்மா இருந்தான். நடவு நேரத்துல தண்ணிய அடச்சு வச்சுட்டு, ஆபீசர்மாரு பேசிக்கிட்டிருந்தா எப்படி இருக்குமோ, அப்படி.

இதுல எனக்கு ஆறாத புண்ணு ஒண்ணு உண்டு. 2019 மார்ச் 9, கோயம்புத்தூர். சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாப்ப 3-1-ன்னு அடிச்சு ஐ லீக் கோப்பைய வாங்கிச்சு. ஈஸ்ட் பெங்காலவிட ஒரே ஒரு புள்ளி கூடுதல். மூணாவது நிமிஷத்துலயே ஒரு கோல் வாங்கிட்டு, திரும்பி வந்து ஜெயிச்ச ஆட்டம் அது. பயிற்சியாளரு அக்பர் நவாஸ். எந்த ஊருன்னு நினைக்கிய? சிங்கப்பூர்! இன்னைக்குச் சிங்கப்பூர்க்காரன்கிட்ட தோத்துட்டோம்ன்னு கொதிக்கோம், அன்னைக்குச் சிங்கப்பூர்க்காரரு ஒருத்தரு வந்து தமிழ்நாட்டுக்கு லீக் கோப்பை வாங்கித் தந்தாரு, அதுக்கு யாரும் பட்டாசு போடல. கோப்பை வாங்கினவனுக்கு என்ன கெடைச்சுது? மேல உள்ள ஐ.எஸ்.எல்.லுக்குப் போக அப்போ வழியே கெடையாது. அதே வருஷம் ஐ.எஸ்.எல்.தான் நாட்டோட முதல் லீக்குன்னு ஆக்கி, ஐ லீக்க ரெண்டாம் படிக்கு எறக்கினாங்க. ஜெயிச்சு நின்ன எடத்துலயே கீழ எறக்கின மாதிரி. இன்னைக்கு அந்த கிளப் எந்த தேசிய லீக்லயும் இல்ல.

ஆனா முழுசா இருட்டுன்னும் சொல்ல மாட்டேன். பெண் பிள்ளைகளப் பாருங்க. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-லயும் 2023-லயும் தேசியக் கோப்பைய வாங்கிச்சு. மதுரை சேது அணி 2019-ல பெண்கள் லீக்க ஜெயிச்சுது. கடலூர்ப் பிள்ளை இந்துமதி போலீஸ்ல வேலையும் பாத்து, இந்தியாவுக்கும் ஆடினா. 2025 ஜூலை 5-ந்தேதி தாய்லாந்து மண்ணுலயே தாய்லாந்த 2-1-ன்னு அடிச்சு, இந்தியப் பெண்கள் 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி வாங்கினாங்க. அந்த 140 கோடி வாசகம் அன்னைக்கு யாருக்கும் ஓர்மை வரலியே. ஒரு ஸ்டேட்டஸ் கூட நான் பாக்கல. தோத்தா திட்டுகதுக்குப் போன் சார்ஜ் போட்டு வச்சிருக்கவனுக்கு, ஜெயிச்ச சேதி மட்டும் ரெண்டு நாள் பிந்தித்தான் வருது, இல்ல வாறதே இல்ல.

இவ்வளவும் சொல்லிட்டு நீரு என்னவே செய்யப் போறீருன்னு கேப்பிய. டெல்லிக்கு எழுதி ஒண்ணும் ஆகப்போறதில்ல. கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவ கூடுது. பஞ்சாயத்துக்கு ஒரு விளையாட்டுப் பெட்டி அரசாங்கம் குடுத்துது, கலைஞர் பேருல. எங்க பஞ்சாயத்துல அது பூட்டுன அறையில கெடக்கு. தெறந்து பாக்க விட்டாங்க, உள்ள பந்து இருக்கு, காத்து எறங்கிக் கெடக்கு. பந்து இருக்கு, தரைதான் இல்ல. எங்க ஊர்ல களத்துக்குன்னு விட்ட புறம்போக்கு ஒண்ணு உண்டு. சூடடிக்க இப்போ மிஷின் வயலுக்கே வந்துருது, களம் சும்மா கெடக்கு. அதுல ஒரு ஓரத்துல மண்ணக் கொட்டி, வேலியும் கொஞ்சம் உள்ள தள்ளி வந்திருக்கு. யாருன்னு ஊருக்குத் தெரியும், எழுதல.

அத அளந்து, வேலிய எடுத்து, பிள்ளைகளுக்கு விடணும். சாயங்காலம் ஒரு விளக்கு. அந்தப் பெட்டிச் சாவி ஊர்ப் பயலுவ ரெண்டு பேரு கையில. இந்த மூணையும் மனுவா எழுதியாச்சு. ஆம்பளைப் பிள்ளைக்கு ஒரு நேரம், பெண் பிள்ளைக்கு ஒரு நேரம்ன்னும் சேத்திருக்கேன், அதுக்கு என் வீட்டுலயே முதல்ல எதிர்ப்பு வந்துது, வரட்டு. இதுவரைக்கும் இருபத்தி மூணு கையெழுத்து. அதுல டீக்கடையில "சவத்த விடும்"ன்னு சொன்னவரும் ஒருத்தரு, பேரன் கேட்டானாம்.

நவம்பர் 18 டாக்காவுல பங்களாதேஷ்கூட ஆட்டம் இருக்கு. ஜெயிச்சாலும் எங்கயும் போக முடியாத ஆட்டம். நான் பாப்பேன். கையெழுத்துப் போட வாறவங்க அதுக்கு முன்னாடி வாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வீட்டுல இருப்பேன், மழை வெறிச்சிருந்தா வயல்ல.